முட்டுக்கட்டையில இருந்து ஹில் ஹோல்டு வரைக்கும்



இந்த வாரம் விதைக்கடலை பத்தி எழுதறதா சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவுல வரும். இப்ப கொஞ்சம் வண்டி பத்தி பேசலாம். விவசாயிக்கு வண்டி வரலாறு எதுக்குன்னு நினைக்காதீங்க. படிச்சு முடிக்கும்போது இதுல நம்ம பங்கு எவ்வளவுன்னு தெரியும்.

எங்க ஜோலார்பேட்டை பக்கம் யாராவது புதுசா கார் எடுத்தா, ஜனங்க கேக்குற முதல் கேள்வி மைலேஜ். ரெண்டாவது, "ஏலகிரி ஏறுமா?" இப்ப கொஞ்ச வருஷமா மூணாவது கேள்வி ஒண்ணு சேந்திருக்கு. "ஹில் ஹோல்டு இருக்குதா?"

மேட்டுல கார் நிக்குது. பிரேக்கில இருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டர்ல வைக்கணும். அந்த இடைவெளியில கார் பின்னாடி உருளாம, ரெண்டு நொடி அதுவே பிரேக்கைப் பிடிச்சு வெச்சுக்கும். இவ்வளவுதான் ஹில் ஹோல்டு. சில கம்பெனிக்காரங்க ஹில் ஸ்டார்ட் அசிஸ்ட்னு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதான்.

இதைப் பத்தி டீக்கடையில பேச்சு வந்தா, பழைய டிரைவருங்க சிரிப்பாங்க. "ஓட்டத் தெரியாதவனுக்குத்தான் அதெல்லாம். நாங்க ஹேண்ட் பிரேக்கை வெச்சே கொல்லிமலை ஏறினவங்க." இந்தப் பேச்சுல எனக்கு உடன்பாடு இல்ல. மேட்டுல நிக்கற வண்டியை எந்தக் காலத்துலயும் யாரோ ஒருத்தர் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க. அவர் யாருன்னு நம்ம யாரும் திரும்பிப் பாக்கல. அதைத்தான் எழுதப் போறேன்.

ரெண்டு காலு, மூணு பெடல்

கார் ஓட்டாதவங்களுக்காக கொஞ்சம் விளக்கமா சொல்றேன். கியர் வண்டியில கீழ மூணு பெடல் இருக்கும். கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். நமக்கு இருக்கறது ரெண்டு காலு. சமதரையில இது பிரச்சனை இல்ல. பிரேக்கை விட்டாலும் வண்டி அங்கேயே நிக்கும். நிதானமா ஆக்ஸிலரேட்டரை மிதிச்சுப் போகலாம். மேட்டுல அப்படி இல்ல. இடது காலு கிளட்ச்சுல மாட்டிக்கிச்சு. வலது காலு பிரேக்கில இருக்கு. அதை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டு போறதுக்குள்ள வண்டியைப் பிடிக்க ஆளில்ல.

எவ்வளவு பலமா பின்னாடி இழுக்கும்னு ஒரு கணக்கு போடலாம். 10 அடி போனா 1 அடி ஏறுற மேடுன்னு வெச்சுக்குங்க. அதுல 1000 கிலோ எடை கார் நின்னா, பின்னாடி இழுக்கற பலம் கிட்டத்தட்ட 100 கிலோ. ஒரு 75 கிலோ நெல்லு மூட்டையும் ஒரு 25 கிலோ அரிசி சிப்பமும் சேத்துக் கட்டி கிணத்துக்குள்ள தொங்கவிட்டா கயிறு எப்படி இழுக்குமோ, அந்த இழுப்பு. பிடி விட்டுப் போச்சுன்னா கணக்குப்படி முதல் நொடியில அரை மீட்டர் உருளும். ரெண்டாவது நொடி முடியறப்ப ரெண்டு மீட்டர் கிட்ட வந்துடும். அதாவது ஆறடி. பின்னாடி பைக்ல புருஷன் பொண்டாட்டி புள்ளையோட நிக்கறாங்கன்னா, அந்த ஆறடி என்ன ஆறடின்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

அதே மேட்டுல 15 டன் லாரின்னா இழுக்கறது ஒன்றரை டன். மாட்டு வண்டி, ரயில், லாரி, கார், எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணுதான். பிடிக்கற ஆள்தான் மாறிக்கிட்டே வந்திருக்கு.

கல்லோட பின்னாடி நடந்தவன்

முதல்ல மாட்டு வண்டி. எங்க பக்கம் வண்டிக்காரங்களுக்கு பெரிய சோதனை மலை இல்ல, பாலாறுதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் பாலம் இல்லாத இடத்துல மணல்ல இறங்கி அந்தக் கரை ஏறணும். மணல்ல இழுத்து இழுத்து மாடு ஏற்கனவே நுரை தள்ளியிருக்கும். அதுக்கப்புறம்தான் கரை ஏத்தம் வரும். டேனரிக்கு ஆவாரம்பட்டை ஏத்தின வண்டி, பச்சைத்தோல் ஏத்தின வண்டி, நெல்லு வண்டி, எல்லாத்துக்கும் இதே பாடுதான். குரோம் தோல் வர்றதுக்கு முன்னாடி நம்ம பக்கம் தோல் பதப்படுத்த ஆவாரம்பட்டைதான் முக்கியம்னு இந்தப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும்.

ஏத்தத்துல மாட்டு வண்டிக்கு ரெண்டு ஆபத்து. ஒண்ணு, வண்டி பின்னாடி போறது. இன்னொண்ணு, பாரம் பின்பக்கம் சரிஞ்சு ஏர்க்கால் மேல தூக்கிக்கறது. அப்படித் தூக்கினா பூட்டாங்கயிறு மாட்டோட கழுத்தை நெரிக்கும். அதனால ஏத்தத்தை ஒரே மூச்சுல ஏற மாட்டாங்க. நாலு பாகம் ஏறி நிறுத்துவாங்க. நிறுத்தின உடனே சக்கரத்துக்குப் பின்னாடி கல்லு வைக்கணும். மாடு மூச்சு வாங்கும். திரும்ப "ஹை"ன்னு ஒரு அதட்டு, அடுத்த நாலு பாகம், திரும்பக் கல்லு.

அந்தக் கல்லை யார் வைப்பாங்க? வண்டிக்காரர் முன்னாடி மாட்டைப் பிடிச்சிருப்பார். பின்னாடி கல்லைத் தூக்கிக்கிட்டு ஒரு பையன் நடந்து வருவான். பெரும்பாலும் பண்ணையில மாடு மேய்க்கற பையனா இருப்பான், இல்ல வீட்டு சின்னப் பையனா இருப்பான். எங்க தாத்தா சின்ன வயசுல இந்த வேலை செஞ்சவர்தான். "வண்டி நிக்கறதுக்கு முன்னாடி கல்லு அங்க இருக்கணும்டா. நின்ன பிறகு வெச்சா அது கல்லு இல்ல"ன்னு சொல்லுவார்.

கல்லு கிடைக்காத இடத்துக்குன்னு வண்டியிலயே ஒரு முக்கோணக் கட்டை வெச்சிருப்பாங்க. அதுதான் முட்டுக்கட்டை. இன்னைக்கு பேப்பரைத் திறந்தா "திட்டத்துக்கு முட்டுக்கட்டை", "வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை"ன்னு அதைக் கெட்ட வார்த்தை மாதிரி எழுதறாங்க. வண்டிக்காரனைக் கேட்டுப் பாருங்க. முட்டுக்கட்டை இல்லாத வண்டியை மேட்டுப் பக்கமே திருப்ப மாட்டான்.

ரயில்ல ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள்

ஜோலார்பேட்டைக்காரன் வண்டி வரலாறு எழுதிட்டு ரயிலை விட முடியாது. 1856ல ராயபுரத்துல இருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னாட்டோட முதல் ரயில் ஓடிச்சு. அப்புறம் பாதை மேற்கே நீண்டு நம்ம ஊர் வழியா சேலம் பக்கம் போச்சு. 1864ல ஜோலார்பேட்டையில இருந்து பெங்களூருக்குக் கிளை பிரிஞ்சுது. நம்ம ஊர் கடல் மட்டத்துல இருந்து சுமார் 400 மீட்டர், பெங்களூர் 900க்கு மேல. அதனாலதான் அந்தப் பாதை குப்பம் பக்கமா வளைஞ்சு வளைஞ்சு ஏறுது.

ஆனா மேட்டுல பிடிக்கறதுன்னா என்னன்னு முழுசாப் பாக்கணும்னா ஊட்டி ரயிலைப் பாக்கணும். 1899ல மேட்டுப்பாளையம் குன்னூர் பாதை திறந்தாங்க, 1908ல ஊட்டி வரைக்கும் போச்சு. 12 அடிக்கு 1 அடி ஏறுற இடமெல்லாம் அதுல உண்டு. அதுக்காக நடுவுல பல் வெச்ச தண்டவாளம் போட்டிருக்காங்க. அதோட நிக்கல. ஒவ்வொரு பெட்டியிலயும் வெளிய ஒரு பிரேக்ஸ்மேன் நிப்பார். என்ஜின் டிரைவர் விசில் குடுக்கற விதத்தைக் கேட்டு, பெட்டிக்குப் பெட்டி கையால பிரேக் போடுவாங்க. இன்னைக்கும் போனா பாக்கலாம். மலையில பாரம் ஏறும்போது பிடிக்கறதுக்குன்னே தனி ஆள் வேணும்னு ரயில்வே ஒத்துக்கிட்டு, அந்த ஆளுக்கு ஒரு பேரும் சம்பளமும் குடுத்திருக்கு. ரோட்டுல அதே வேலையைச் செஞ்சவனுக்கு அந்த மரியாதை கிடைக்கல.

கிளீனர்

ரோட்டுல அதைச் செஞ்சவன் கிளீனர். பேருக்குத்தான் கிளீனர், வண்டி துடைக்கறது அவனோட பத்து வேலையில ஒண்ணு. மலை ரோட்டுல அவனோட முக்கிய வேலை கட்டை போடறது.

எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு பெரியவர் இருக்கார். வயசு எழுபதைத் தாண்டிடுச்சு. 15 வயசுல கிளீனரா லாரி ஏறி, பிறகு டிரைவரா ஆகி, ஏற்காடு, ஜவ்வாது மலை, ஊட்டின்னு எல்லா மலையும் ஏறினவர். இதை எழுதறதுக்கு முன்னாடி அவரைப் போய்ப் பாத்தேன்.

"ண்ணா, மேட்டுல கட்டை போடறது எப்படின்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."

"இன்னாபா, இதுக்கோசரமா இவ்ளோ தூரம் வந்த?" சிரிச்சார். அப்புறம் சொன்னார். "வண்டி நிக்கட்டும், அப்பால இறங்கலாம்னு குந்தினு இருந்தா வேலைக்கு ஆவாது தம்பி. என்ஜின் சத்தத்தக் கேக்கணும். டிரைவர் கியரு குறைச்சும் சத்தம் அடங்குதுன்னா, குதிச்சிடணும். வண்டி ஊர்ந்துக்கினு இருக்கும். கட்டைய எடுத்துக்கினு பின் சக்கரத்துக்கூடவே நடக்கணும். எப்ப மூச்சு விடுதோ அப்ப டக்குனு சொருவணும்."

"கை எங்க இருக்கும்?"

"அதான் பாடமே. கட்டைய மேலாக்க புடிக்கக் கூடாது. பக்கத்துல புடிச்சித் தள்ளிட்டு கைய இஸ்துக்கணும்." இடது கையைக் காட்டினார். நடு விரலும் மோதிர விரலும் நுனி இல்ல. "இது பாடம் கத்துக்கறதுக்கு முன்னாடி போனது."

"அப்ப என்ன சம்பளம் ண்ணா?"

"கிளீனருக்கு ஏது சம்பளம்? சோறும் படிக்காசும்தான். டிரைவர் ஆனாத்தான் சம்பளம். அதுக்கோசரம்தான கட்டையத் தூக்கினோம்."

ஏன் லாரியில கை பிரேக் இல்லையான்னு நீங்க கேக்கலாம். இருந்துச்சு. ஆனா அந்தக் காலத்து லாரியில ஹேண்ட் பிரேக் இழுத்தா, பாரத்தோட மேட்டுல நிக்கும்னு நம்ப முடியாது. கம்பி தளர்ந்திருக்கும், லைனிங் தேஞ்சிருக்கும். அனுமதிக்கு மேல ஏத்தின பாரம் வேற. அதனால நம்பிக்கை எல்லாம் அந்தக் கட்டை மேலயும் அதைப் பிடிச்ச பையன் மேலயும்தான்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? வண்டி பின்னாடி எடுக்கும்போது நம்ம கிளீனரும் கண்டக்டரும் என்ன சொல்லுவாங்க? "வா, வா, வா... ஹோல்டான்!" வெள்ளைக்காரன் வார்த்தை நம்ம வாயில வந்து தேஞ்சு ஹோல்டான் ஆயிருச்சு. இன்னைக்கு காரோட பேப்பர்ல ஹில் ஹோல்டுன்னு அச்சடிச்சிருக்கறதும் அதே ஹோல்டுதான். அந்த வேலையை வாயாலயும் கையாலயும் செஞ்சவன் நம்ம கிளீனர்.

சட்டத்துக்கும் இது தெரியும்

மேட்டுல வண்டி எடுக்கறது சின்ன விஷயம்னு நினைக்கறவங்களுக்கு ரெண்டு சட்டம் சொல்றேன். ரெண்டும் 1989ல வந்தது.

மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15வது விதி, லைசென்ஸ் டெஸ்ட்ல என்னென்ன செஞ்சு காட்டணும்னு சொல்லுது. அதுல ஒண்ணு, செங்குத்தான மேட்டுல வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கையோ, ஆக்ஸிலரேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியா பயன்படுத்தி, கொஞ்சமும் பின்னாடி உருளாம திரும்ப எடுக்கணும்னு இருக்கு. எத்தனை பேர் இதைச் செஞ்சு காட்டி லைசென்ஸ் வாங்கினோம்னு அவங்கவங்க மனசைத் தொட்டுக் கேட்டுக்கலாம். சமதரையில முன்னாடி பின்னாடி எடுத்துக் காட்டி வாங்கினவங்கதான் எங்க பக்கம் அதிகம். இப்ப தானியங்கி டெஸ்ட் டிராக் இருக்கற இடத்துல மேடு கட்டி வெச்சு சோதிக்கறாங்க. நல்ல விஷயம்.

ரெண்டாவது, ரோட்டு ஒழுங்குமுறை விதி. மலை ரோட்டுல ரெண்டு வண்டி போக அகலம் இல்லாத இடத்துல, இறங்கற வண்டி நின்னு ஏறுற வண்டிக்கு வழி விடணும். ஏன்? இறங்கற வண்டி நின்னா திரும்ப எடுக்கறது சுலபம். ஏறுற வண்டி நின்னா, திரும்ப எடுக்கறதுதான் கஷ்டம். இது மரியாதைக்காகப் போட்ட விதி இல்ல. அந்த ரெண்டு நொடிக்காகப் போட்ட விதி.

ரோடு போடற என்ஜினியருங்களுக்கும் இது தெரியும். மலை ரோட்டுக்கு இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவுல, கொண்டை ஊசி வளைவு கிட்ட மட்டும் ஏத்தத்தை 40 அடிக்கு 1 அடின்னு குறைச்சு வைக்கணும்னு இருக்கு. வளைவுல வண்டி மெதுவாகும், நிக்கவும் வேண்டி வரும்னு தெரிஞ்சுதான் அப்படி வெச்சிருக்காங்க.

1936ல ஒரு உருளை

இப்ப கடல் தாண்டிப் போகலாம். அமெரிக்காவுல ஸ்டுடிபேக்கர்னு ஒரு கம்பெனி. 1852ல அண்ணன் தம்பிங்க கொல்லுப்பட்டறை வெச்சு, குதிரை வண்டி செஞ்சு ஆரம்பிச்சது. வண்டிச் சக்கரத்துக்குக் கல்லு வைக்கற கஷ்டம் தெரிஞ்ச வம்சம்னு வெச்சுக்கலாம். பிறகு கார் செய்ய ஆரம்பிச்சாங்க. 1936ல அவங்களோட பிரெசிடென்ட் காருல ஹில் ஹோல்டர்னு ஒரு சாமான் வந்துச்சு. அடுத்த வருஷமே வேற கம்பெனி கார்லயும் இந்த மாதிரி வர ஆரம்பிச்சுது.

அதுல கம்ப்யூட்டர் கிடையாது, கரண்ட் கிடையாது. பிரேக் எண்ணெய் போற குழாய்ல ஒரு சின்ன அறை. அதுக்குள்ள ஒரு இரும்பு உருளை, கோலிகுண்டு மாதிரி. கார் மேட்டுல நிமிர்ந்தா உருளை தானா பின்னாடி உருண்டு, எண்ணெய் திரும்பற வழியை அடைச்சுக்கும். கிளட்ச்சை மிதிச்சு வெச்சிருக்கற வரைக்கும், பிரேக்கில இருந்து காலை எடுத்தாலும் பிரேக் பிடிச்சபடியே இருக்கும். கிளட்ச்சை விட விட, அதோட இணைச்ச கம்பி உருளையைத் தள்ளி வழியைத் திறந்து விடும். கிளட்ச் பிடிக்கற நேரமும் பிரேக் விடற நேரமும் ஒண்ணா அமையும்.

இதைப் படிச்சப்ப எனக்கு அந்தப் பெரியவர் சொன்னதுதான் ஞாபகம் வந்துச்சு. சரியான நேரத்துல சொருகி, சரியான நேரத்துல உருவணும். அங்க அதை ஒரு கோலிகுண்டு செஞ்சுது. இங்க ஒரு பதினைஞ்சு வயசுப் பையன் செஞ்சான்.

ஸ்டுடிபேக்கர் கம்பெனி 1966ல கார் செய்யறதையே நிறுத்திருச்சு. ஆனா அந்த யோசனை சாகல. ஜப்பான்ல சுபாரு கம்பெனிக்காரங்க கிளட்ச்சுல கம்பி கட்டின இதே மாதிரி ஹில் ஹோல்டரை அவங்க கியர் கார்கள்ல ரொம்ப வருஷம் போட்டாங்க.

நம்ம நாட்டுல ஏன் வரல? அம்பாசிடரும் பத்மினியும் ஓடின காலத்துல, கார் வெச்சிருந்தவங்கள்ல நிறையப் பேருக்கு டிரைவர் இருந்தார். சாமான் வண்டிக்கு கிளீனர் இருந்தான். ஆள் கூலி குறைவா இருக்கற ஊர்ல, ஆளோட வேலையைக் குறைக்கற சாமானுக்கு யாரும் காசு போட மாட்டாங்க. கதிரடிக்கற மெஷின் நம்ம வயலுக்கு எப்ப வந்துச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. ஆள் கிடைக்காதப்பதான் வந்துச்சு.

ஹாஃப் கிளட்ச் காலம்

டிரைவர் இல்லாம சொந்தமா ஓட்டறவங்க பெருகினப்ப, எல்லாரும் கத்துக்கிட்டது ஹேண்ட் பிரேக்கும் ஹாஃப் கிளட்ச்சும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து வை. முதல் கியர் போடு. கொஞ்சம் ஆக்ஸிலரேட்டர் குடு. கிளட்ச்சை மெதுவா விடு. வண்டியோட மூக்கு லேசா தூக்கும், என்ஜின் சத்தம் கனமாகும். அப்ப ஹேண்ட் பிரேக்கை இறக்கு. இன்னைக்கும் இதுதான் சரியான முறை. இது தெரியாம யாரும் மலை ஏறக் கூடாது.

ஆனா நிறையப் பேர் ஹேண்ட் பிரேக்கைத் தொடறதே இல்ல. கிளட்ச்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சு, அதுலயே வண்டியை நிறுத்தி வெச்சிருப்பாங்க. அதாவது, முட்டுக்கட்டை வேலையை கிளட்ச் பிளேட் செய்யுது. கோடை விழா சமயத்துல, இல்ல ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஏலகிரி ரோட்டுல போய்ப் பாருங்க. பொன்னேரியில ஆரம்பிச்சு 14 வளைவு. புலவர்கள் பேரும் கடையெழு வள்ளல்கள் பேரும் வெச்சிருக்காங்க. பாரி வளைவுல வண்டி வரிசையா நிக்கும். காத்துல கிளட்ச் பிளேட் கருகற வாசனை வரும். முல்லைக்குத் தேரையே விட்டுட்டு நடந்து போன வள்ளல் பேர் வெச்ச இடத்துல, ஒருத்தன் இன்னொருத்தனுக்கு ரெண்டடி இடம் விட்டு நிக்க மாட்டான்.

இப்ப வந்த ஹில் ஹோல்டு

இப்ப கார்ல வர்றது அந்தப் பழைய கோலிகுண்டோட பேரன். ஆனா பிறந்த வழி வேற. 1978ல பாஷ் கம்பெனியோட ஏபிஎஸ் பிரேக் பென்ஸ் கார்ல வந்துச்சு. 1995ல அதே ரெண்டு பேரும் சேந்து இஎஸ்பி கொண்டு வந்தாங்க. கார் வழுக்கித் திரும்பாம, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியா பிரேக் போடற ஏற்பாடு. அதுக்காக பிரேக் எண்ணெயை அடைக்கறதுக்கும் திறக்கறதுக்கும் வால்வு வெச்சாங்க. கார் எப்படித் திரும்புதுன்னு அறியற சென்சாரும் வெச்சாங்க.

இதெல்லாம் இருந்தா ஹில் ஹோல்டுக்குப் புதுசா பெரிய சாமான் எதுவும் வேண்டாம். இருக்கற வால்வுக்கு ஒரு கட்டளை போதும். மேட்டுல நின்னா, கால் எடுத்த பிறகும் சுமார் ரெண்டு நொடி எண்ணெயை அடைச்சு வை. என்ஜின் இழுக்க ஆரம்பிச்சா விட்டுடு. அவ்வளவுதான். நம்ம நாட்டுல 2023 அக்டோபர்ல இருந்து பாரத் என்கேப் மோதல் சோதனை நடக்குது. அதுல 3 நட்சத்திரமோ மேலயோ வாங்கணும்னா இஎஸ்சி கட்டாயம் இருக்கணும். இஎஸ்பிக்குத்தான் பொதுப் பேர் இஎஸ்சி. அதனால இப்ப சின்ன கியர் கார்லயும் ஹில் ஹோல்டு சகஜமா வருது.

புதுசா வாங்கினவங்க ரெண்டு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும். இது ரெண்டு நொடிக்குத்தான். மூணாவது நொடி வண்டி உருளும். போன் எடுத்துப் பேசறதுக்கு இது நிக்காது. அடுத்தது, இது ஹேண்ட் பிரேக்குக்கு மாத்து இல்ல. வண்டியை நிறுத்தி இறங்கினா ஹேண்ட் பிரேக், கியர், செங்குத்து மேடுன்னா கல்லு. மூணும் வேணும்.

யாருக்கு இன்னும் வரல

இங்கதான் என் ஆதங்கம். ஹில் ஹோல்டு வந்திருக்கறது அஞ்சு பேர் உக்காந்து போற காருக்கு. நம்ம பக்கம் பாரம் ஏத்தற பழைய வண்டிகள்ல அது இல்ல. நம்ம தக்காளி மார்க்கெட்டுக்குப் போறது பழைய மினி லாரியில. கரும்பு போறது டிராக்டர் டிரெய்லர்ல. மலையில இருந்து பலாவும் வாழையும் இறங்கறதும் அதே மாதிரி வண்டியிலதான். அதிகமா பின்னாடி இழுக்கறது பாரம் ஏத்தின வண்டியைத்தான். பிடிக்கற சாமான் இல்லாததும் அதுக்குத்தான்.

அதுலயும் இன்னொரு மாற்றம் நடந்திருக்கு. சின்ன லோடு வண்டியில இப்ப கிளீனர் கிடையாது. வாடகை கட்டுப்படி ஆகல, டிரைவர் ஒத்த ஆளா போறார். பதினைஞ்சு வயசுப் பையன் சக்கரத்துக்கு அடியில கை வைக்கற காலம் போனதுல எனக்கு சந்தோஷம்தான். அந்த வேலை யாருக்கும் வேண்டாம். ஆனா அவன் செஞ்ச வேலையைச் செய்ய வேற எதுவும் வெக்காமலே அவனை இறக்கிட்டோம். இப்ப மேட்டுல வண்டி நின்னுடுச்சுன்னா டிரைவர் தனியா பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, ரோட்டுல போறவங்களைப் பாத்து "யப்பா, ஒரு கல்லு போடுப்பா"ன்னு கத்தணும். நானே ரெண்டு தடவை பைக்கை நிறுத்தி கல்லு போட்டிருக்கேன்.

அப்படிப் போட்ட கல்லு என்ன ஆகுது? வண்டி கிளம்பிடும். ஒத்த ஆள், இறங்கி வந்து எடுக்க முடியாது. கல்லு நடு ரோட்டுல கிடக்கும். ராத்திரி பைக்ல வர்றவன் அதுல ஏறி விழுவான். எங்க உறவுல ஒரு பையன் இப்படி விழுந்து தோள் எலும்பு உடைஞ்சு மூணு மாசம் படுத்துக் கிடந்தான். ஒருத்தன் உயிரைக் காப்பாத்தின கல்லு இன்னொருத்தனைச் சாய்ச்சிருச்சு.

அதனால மலை ஏறுறவங்க எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். முன்னாடி வண்டி மேட்டுல நின்னா ஒரு வண்டி நீளம் இடம் விட்டு நில்லுங்க. நீங்க இறங்கி வர்றீங்கன்னா ஏறுறவங்களுக்கு வழி விடுங்க. லோடு வண்டி வெச்சிருக்கறவங்க ஒரு மரக்கட்டை செஞ்சு, அதுல நீளமா கயிறு கட்டி, வண்டிப் பக்கத்துல மாட்டி வைங்க. வண்டி நகர்ந்ததும் கயித்தோட கட்டையும் கூடவே வந்துடும். ஆசாரிகிட்ட சொன்னா அரை நாள் வேலை. ரோட்டுல கல்லு கிடந்தா, யார் போட்டதுன்னு பாக்காம ஓரமா எடுத்துப் போடுங்க.

எங்க பக்கம் முட்டுக்கட்டைன்னும், கட்டைன்னு மொட்டையாவும் சொல்றோம். உங்க ஊர்ல அதுக்கு என்ன பேர்? வீட்டுல பெரியவங்க இருந்தா கேட்டுச் சொல்லுங்க. அந்தப் பேரை ஒரு பக்கம் எழுதி வெச்சுக்கணும்னு ஆசை.

அடுத்த வாரம் கண்டிப்பா விதைக்கடலை.